கேப் முனை ஒருநாள் சுற்றுலா: வழிகாட்டியோடு போவதா, நாமே கார் எடுப்பதா?

#1 திருச்சி வாசுகி

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் கடைசியில் கேப்டவுன் போகிறோம். நான், கணவர், நான்காம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், படி ஏறச் சொன்னால்தான் கஷ்டம்.

கேப் தீபகற்பத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம். மகளுக்கு பென்குயின் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு அந்தக் கடற்கரைப் பாறைகளையும் நன்னம்பிக்கை முனையையும் பார்க்க ஆசை. ஐந்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் வரைபடத்தில் பார்த்த இடம்.

ஒரு டூர் கம்பெனி அனுப்பிய பட்டியல் இது: கேம்ப்ஸ் பே, ஹவுட் பே கடல்நாய் படகு, சாப்மன்ஸ் பீக் சாலை, பென்குயின் கடற்கரை, கேப் பாயின்ட், முய்சன்பெர்க், கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்கா, கடைசியில் ஒரு ஒயின் தோட்டம். காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 5 மணிக்குத் திரும்பிவிடலாம் என்கிறார்கள். ஒரே நாளில் இத்தனையும் முடியுமா? பெரிய பஸ், சின்ன வேன், நமக்கு மட்டும் தனி வண்டி என்று மூன்று விதமாகத் தருகிறார்கள். கணவரோ கார் வாடகைக்கு எடுத்து தானே ஓட்டலாம் என்கிறார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மேசைமலை அடிவாரம்

வாசுகி, நான் வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவன். வீடு முய்சன்பெர்க் பக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தச் சாலையில்தான் கூட்டிப்போவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கேப்டவுன் நகரத்திலிருந்து தெற்கே நீளமாக ஒரு மலைத்தொடர் கடலுக்குள் இறங்குகிறது. அதுதான் தீபகற்பம். மேற்குப் பக்கம் திறந்த அட்லாண்டிக்: பெங்குவேலா நீரோட்டம் ஓடுவதால் கோடையிலும் கால் வைக்க முடியாத குளிர். கிழக்குப் பக்கம் ஃபால்ஸ் பே என்ற அகலமான விரிகுடா, அங்கே தண்ணீர் கொஞ்சம் தேவலாம். இரண்டு பக்கமும் கரையை ஒட்டிச் சாலை இருக்கிறது. ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்புவதுதான் எல்லா டூர்களும் செய்வது.

அந்தப் பட்டியலில் இருந்து ஒயின் தோட்டத்தையும் கிர்ஸ்டன்போஷையும் இப்போதே அடித்துவிடுங்கள். கிர்ஸ்டன்போஷ் அருமையான இடம்தான். ஆனால் அதற்கு வேறு ஒரு அரை நாள் வேண்டும், அது கடற்கரையிலும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தால் பென்குயினிடம் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது.

அடுத்தது திசை. பெரும்பாலான வண்டிகள் அட்லாண்டிக் பக்கமாகக் கிளம்பி, படகு முடித்து, சாப்மன்ஸ் பீக் தாண்டிப் போகும். நீங்கள் தலைகீழாகப் போகக் கேளுங்கள். காலையில் நேராக முய்சன்பெர்க், கால்க் பே வழியாக சைமன்ஸ் டவுன் போய், பென்குயின் கடற்கரை திறந்ததும் உள்ளே நுழைந்துவிட்டால் கூட்டம் இருக்காது. அங்கிருந்து கேப் பாயின்ட் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். திரும்பும்போது மாலை வெயிலில் சாப்மன்ஸ் பீக். இங்கே நம் ஊர் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். வடக்கே திரும்பும்போது நீங்கள் கடல் ஓரத்துத் தடத்தில் வருவீர்கள். நிறுத்தி நின்று பார்க்கும் இடங்கள் எல்லாம் உங்கள் பக்கமே இருக்கும்.

வழிகாட்டியைப் பற்றி ஒன்று. தென்னாப்பிரிக்காவில் சுற்றுலா வழிகாட்டிகள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கான பேட்ஜ் அவர்களிடம் இருக்கும். பணம் கட்டும் முன்பே, வருபவர் பதிவு பெற்றவரா அல்லது வெறும் டிரைவரா என்று கேளுங்கள்.

#3 நெல்லை மாறன்

கார் எடுங்கள் வாசுகி. சாலை நன்றாக இருக்கிறது, நம் ஊர் மாதிரியே இடப்பக்கம், திசை காட்டும் பலகைகள் தெளிவு. பிடித்த இடத்தில் நிற்கலாம், பிடிக்காவிட்டால் கிளம்பலாம். குழந்தைக்கும் பெரியவருக்கும் அவசரப்படுத்த ஆள் இருக்கக் கூடாது. நாங்கள் அப்படித்தான் போனோம், ஒரு சிக்கலும் இல்லை. நம் லைசென்ஸை ஏற்பார்களா என்பதை மட்டும் கார் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

#4 சிங்கை ரவி

மாறன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெரிய பஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். நாங்கள் போன பஸ்ஸில் (கம்பெனி பெயர் வேண்டாம்) நாற்பதுக்கு மேல் ஆட்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் இறங்கி, எல்லோரும் ஏறி, தலை எண்ணி முடிப்பதற்கே நேரம் போய்விடும். பென்குயினிடம் 25 நிமிடம் கொடுத்தார்கள். வழியில் தீக்கோழி முட்டை விற்கும் கடை வந்தபோது அதைவிட அதிக நேரம் நின்றோம். கேப் பாயின்டில் லைட்ஹவுஸுக்கு ஏறுவதா, கீழே நன்னம்பிக்கை முனைக்குப் போவதா, ஏதாவது ஒன்றைத்தான் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு தூரம் செலவழித்துப் போனது பாறையையும் விலங்கையும் பார்க்கத்தானே.

#5 மேசைமலை அடிவாரம்

ரவி சொன்னது அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் "எத்தனை இடம் காட்டுவீர்கள்" என்று கேட்காமல் "பென்குயினிடம் எவ்வளவு நேரம், கேப் பாயின்ட் இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் எவ்வளவு நேரம்" என்று கேளுங்கள் என்கிறேன்.

மாறன், உங்களுக்குக் கார் பொருந்தியது. ஆனால் வாசுகியின் கணவர் ஓட்டினால் அவர் எதைப் பார்ப்பார்? சாப்மன்ஸ் பீக் சாலை 9 கிலோமீட்டர்தான், அதற்குள் 114 வளைவுகள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கீழே அட்லாண்டிக். கைதிகளின் உழைப்பில் வெட்டி 1922இல் திறந்த சாலை அது. ஓட்டுகிறவருக்குத் தெரிவது தார் மட்டும்தான். இன்னொன்று, கல் விழுந்தால், மழை அடித்தால் சாலையை மூடிவிடுவார்கள். அன்றன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், சுங்கமும் உண்டு. உள்ளூர் வழிகாட்டிக்கு இதெல்லாம் கைவந்த வேலை.

அதைவிட முக்கியம், பார்க்கத் தெரிந்த கண். பூங்காவுக்குள் நுழைந்ததும் வெறும் புதர்க்காடு போலத்தான் தெரியும். அதுதான் ஃபின்போஸ். புரோட்டியா, எரிகா, நாணல் மாதிரி நிற்கும் ரெஸ்டியோ எல்லாம் கலந்த தாவர உலகம். கேப் பகுதியில் ஏறக்குறைய 9,000 வகைச் செடிகள், அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தெரியாதவர் ஓட்டிக்கொண்டு போனால் இருபது நிமிடம் காய்ந்த புதர். தெரிந்தவர் வண்டியை நிறுத்தினால் அதே புதருக்குள் பான்ட்பாக் மான் நிற்கும், எரிகாப் பூவில் தேன்சிட்டு தொங்கும்.

#6 பறவைப்பித்து

மகள் பென்குயினுக்காக வருகிறாள் என்றால் இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சைமன்ஸ் டவுனில் இருப்பது ஆப்பிரிக்கப் பென்குயின். அறுபது, எழுபது சென்டிமீட்டர் உயரம், மூன்று கிலோ எடை. பனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெயிலில் வாழும் பறவை. கண்ணுக்கு மேலே ரோஜா நிறத்தில் ஒரு தோல் திட்டு தெரியும். சூடு ஏறும்போது அங்கே ரத்தம் அதிகம் பாய்ந்து உடம்பைக் குளிர்விக்கும், திட்டு இன்னும் சிவக்கும். மார்பில் உள்ள கரும்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்தே தனிப் பறவைகளை அடையாளம் காண்கிறார்கள். குரல் கழுதை கத்துவது போலவே இருக்கும், சிரித்துவிடுவாள்.

நவம்பர் கடைசியில் போகிறீர்கள் இல்லையா, அது பல பறவைகள் இறகு மாற்றும் பருவம். வருடத்தில் ஒருமுறை எல்லா இறகுகளையும் ஒரே நேரத்தில் உதிர்த்துப் புதிது முளைக்க வைக்கும். ஏறக்குறைய மூன்று வாரம் உடம்பில் நீர் புகாத கவசம் இருக்காது, கடலில் இறங்க முடியாது, அதனால் இரையும் கிடையாது. முன்பே தின்று கொழுத்து வந்து, கரையில் அசையாமல் பட்டினி கிடக்கும். பஞ்சு பிதுங்கிய பழைய தலையணை மாதிரி நிற்கும் அதைப் பார்த்து "ஐயோ, உடம்பு சரியில்லை" என்று குழந்தைகள் பதறுவார்கள். அதற்கு நோய் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யாராவது கிட்டப் போய் பயமுறுத்தி ஓட வைத்தால், சேர்த்து வைத்த கொழுப்பில் கொஞ்சம் வீணாகிறது. அந்த மூன்று வாரத்துக்கு அதனிடம் வேறு கையிருப்பு இல்லை. தள்ளி நின்று பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் நின்றாலே இரண்டு அடி தூரத்தில் வந்து நிற்கும். புறப்படும்போது காருக்கு அடியில் குனிந்து பாருங்கள், நிழலுக்குப் படுத்திருக்கும். அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள்.

#7 நாடோடி குமார்

நடைபாதை எல்லாம் கூட்டம் பாஸ். பக்கத்திலேயே குளிக்கிற கடற்கரை இருக்கிறது, அங்கே பென்குயின் நம் காலடிக்கே வரும். நான் தொட்டுக்கூடப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் கேப் பாயின்ட் போகும் வழியில் பபூன் குரங்குகள். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினால் போதும், சூப்பரான போட்டோ கிடைக்கும். குழந்தைக்குப் பிடிக்கும்.

#8 மேசைமலை அடிவாரம்

குமார் தம்பி, கோபமில்லை, ஆனால் இதை அப்படியே விட முடியாது. இழையைப் படித்துவிட்டு வேறு யாராவது செய்துவிடக் கூடாது.

பென்குயினைத் தொடக் கூடாது. அதன் அலகு கத்தி போலக் கூர்மை, விரலைப் பிடித்தால் சதை பிய்ந்துவிடும். அதைவிட முக்கியம், அது எவ்வளவு நலிந்த இனம் என்பது. 2024 அக்டோபரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை "மிக ஆபத்தான நிலை" பட்டியலுக்கு மாற்றியது. உலகில் இனப்பெருக்கம் செய்யும் ஜோடிகள் பத்தாயிரம்கூட இல்லை.

பபூனுக்கு உணவு கொடுப்பது இங்கே சட்டப்படி குற்றம். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட குரங்கு அதன்பிறகு கார் கதவைத் திறக்கும், வீட்டு ஜன்னலில் நுழையும், குழந்தை கையில் இருப்பதைப் பிடுங்கும். ஆண் குரங்கின் கோரைப் பல் சிறுத்தைப் பல்லுக்குக் குறைந்ததில்லை. அப்படித் துணிந்துவிட்ட குரங்குகளைக் கடைசியில் அதிகாரிகள் ஊசி போட்டுக் கொன்றிருக்கிறார்கள். நீங்கள் நீட்டிய பிஸ்கட்டின் விலையை அது உயிரால் கட்டுகிறது. இங்கே குடியிருக்கும் எங்களுக்கு இது வயிற்றெரிச்சல்.

வாசுகி, குரங்குக் கூட்டம் தென்பட்டால் கண்ணாடி ஏற்றி, கதவைப் பூட்டி, உள்ளேயே இருங்கள். பூட்டாத கதவை அவை திறக்கும்.

#9 நாடோடி குமார்

சரிண்ணா. குரங்கைக் கொல்லும் அளவுக்குப் போகும் என்று தெரியாது. மேலே நான் எழுதியதை யாரும் செய்ய வேண்டாம்.

#10 குமரி நெய்தல்

பென்குயின் ஏன் குறைகிறது என்று யாரும் எழுதவில்லையே. நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன், அப்பா மீன்பிடித் தொழில். கேப்டவுனில் கப்பல் வேலைக்காகச் சில காலம் இருந்தேன்.

அந்தப் பறவை தின்பது சாளையும் நெத்திலியும். சாளையைச் சென்னைக்காரர்கள் மத்தி என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அந்த மீன்களைப் பெரிய விசைப்படகுகள் சுருக்குமடி வலையால் சுற்றி வளைத்துப் பிடிக்கின்றன. நம் கரையில் சுருக்குமடிக்காக நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. போதாததற்கு மீன் கூட்டமே கிழக்கு நோக்கி நகர்ந்துவிட்டது. குஞ்சுக்கு இரை தேடிப் போன பென்குயின் நாள் முழுக்க நீந்தியும் வெறும் வயிற்றோடு திரும்பும் நிலை.

பறவை அமைப்புகள் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றிப் பத்து ஆண்டுகளுக்குச் சாளை, நெத்திலிக்கு வலை போடத் தடை. மீன் தொழிலாளர் பக்கமும் எனக்குப் புரியும், கடல் மூடினால் அடுப்பு மூடும். ஆனால் அங்கே வலை போடுவது கட்டுமரக்காரனோ சின்னப் படகுக்காரனோ இல்லை. தடையால் நட்டப்படுபவர் யார் என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

#11 பறவைப்பித்து

குமரி நெய்தல் அண்ணன் சொன்னதற்குச் சாட்சியே சைமன்ஸ் டவுன்தான். அங்கே 1980களின் தொடக்கத்தில் வந்து கூடு கட்டியது இரண்டே ஜோடி. ஃபால்ஸ் பேயில் பெரிய அளவு மீன்பிடி குறைந்து, சாளையும் நெத்திலியும் பெருகியதும் பென்குயின்கள் பல நூறாகப் பெருகின. இரை இருந்தால் அவை பிழைத்துக்கொள்ளும்.

முந்தைய கொடுமைகளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கு மேல் இருந்த பறவை இது. தீவுகளில் அடி அடியாகச் சேர்ந்திருந்த பறவை எச்சத்தை உரத்துக்காகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பென்குயின் அதில் குழி தோண்டித்தான் முட்டையிடும். எச்சம் போனதும் மொட்டைப் பாறையில் வெயிலில் முட்டையிட வேண்டியதாயிற்று. அந்த முட்டைகளையும் பல ஆண்டுகள் வண்டி வண்டியாக எடுத்து விற்றார்கள். இப்போது செயற்கைக் கூடுகள் வைக்கிறார்கள், பார்த்தால் மகளுக்குக் காட்டுங்கள்.

மனிதர்கள் நல்லது செய்த கதையும் இருக்கிறது. 2000 ஜூனில் டிரஷர் என்ற சரக்குக் கப்பல் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடையே மூழ்கி எண்ணெய் பரவியது. ஏறக்குறைய 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. உலகம் முழுக்க இருந்து தன்னார்வலர்கள் வந்து ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னொரு 19,500 பறவைகளைப் பிடித்து, லாரியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீடு வந்து சேர்வதற்குள் இங்கே எண்ணெயை அப்புறப்படுத்திவிடலாம் என்ற கணக்கு. அது பலித்தது. பீட்டர், பமேலா, பெர்சி என்று மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி, அவை திரும்பி வருவதை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கதையைச் சொன்னால் குழந்தை சாப்பிட மறந்து கேட்பாள்.

#12 திருச்சி வாசுகி

அண்ணன்மார்களே, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. மகளுக்குப் படித்துக் காட்டினேன். பீட்டர் இப்போது எங்கே இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தனி வண்டி, பதிவு பெற்ற வழிகாட்டி என்று முடிவு செய்தாயிற்று. கணவரும் சரி என்றுவிட்டார். இன்னும் சில கேள்விகள்: கடல்நாய் படகுக்குப் போகலாமா? மாமியார் எங்கெல்லாம் வர முடியும்? மதியச் சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா? திமிங்கிலம் தெரியுமா?

#13 மேசைமலை அடிவாரம்

படகு: ஹவுட் பேயிலிருந்து டைக்கர் தீவுக்குப் போய்வர முக்கால் மணி நேரம் ஆகும். தீவில் இறங்க முடியாது, சுற்றி நின்று பார்ப்பதுதான். தட்டைப் பாறை முழுக்கக் கேப் கடல்நாய்கள், சுற்றிலும் கெல்ப் என்ற ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் கடல்பாசி ஆடிக்கொண்டிருக்கும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அலை பெரிதானால் படகு நன்றாக ஆடும், பல நாள் ரத்தும் செய்வார்கள். நான் சொன்ன தலைகீழ் வழியில் போனால் ஹவுட் பே வரும்போது மாலையாகிவிடும். எனவே விட்டுவிடலாம். பதிலாகக் கால்க் பே மீன்பிடித் துறைமுகத்தில் நில்லுங்கள். மீன் வெட்டும் மேசைக்குக் கீழேயே கடல்நாய்கள் வந்து காத்திருக்கும். அங்கேயும் தள்ளி நில்லுங்கள். 2024இல் கேப் கடல்நாய்களிடம் ரேபிஸ் இருப்பது உறுதியானது. கடித்தால் உடனே தடுப்பூசிக்கு ஓட வேண்டும்.

அம்மா: பென்குயின் நடைபாதை சமமான பலகை, சக்கர நாற்காலியே போகும். கேப் பாயின்டில் லைட்ஹவுஸ் பக்கம் ஏற ஒரு சிறிய மலை ரயில் இருக்கிறது. அது இறங்கும் இடத்திலிருந்து விளக்கின் அடி வரை படிகள்தான். அம்மா மேலே ரயில் நிலையத்திலேயே நின்றாலும் இரண்டு பக்கக் கடலும் தெரியும்.

புளிசாதம்: தாராளமாக. ஆனால் பூங்காவுக்குள் திறந்த வெளியில் பிரிக்க வேண்டாம், குரங்கு வந்துவிடும். உள்ளே போகும் முன்பே, சைமன்ஸ் டவுனில் சாப்பிட்டுவிடுங்கள்.

திமிங்கிலம்: தெற்கு ரைட் திமிங்கிலங்கள் குட்டி ஈனக் கரையோரம் வருவது ஜூன் முதல் நவம்பர் வரை. நீங்கள் வரும்போது கடைசிப் பந்திதான். கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

முக்கியமானது காற்று. கோடையில் தென்கிழக்குக் காற்றைக் கேப் டாக்டர் என்பார்கள், நகரத்தின் புகையை எல்லாம் அடித்துக்கொண்டு போவதால். முனையில் நின்றால் குழந்தையை ஒரு கை பிடித்திருக்க வேண்டும். வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

#14 பாய்மரம்

கடல் சரித்திரம் பிடித்தவன், அதனால் ஒரு சின்ன இடைச்செருகல். வழிகாட்டி "இதுதான் ஆப்பிரிக்காவின் தென்கோடி, இரண்டு பெருங்கடலும் சேரும் இடம்" என்றால் நம்ப வேண்டாம். தென்கோடி அகுலாஸ் முனை, இங்கிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பெருங்கடல்களின் எல்லையும் அங்கேதான் குறித்திருக்கிறார்கள். நன்னம்பிக்கை முனையில் உள்ள பலகையே "தென்மேற்குக் கோடி" என்றுதான் சொல்கிறது. நல்ல வழிகாட்டி இதைத் தானே சொல்லிவிடுவார்.

பார்த்தலோமியு டயஸ் 1488இல் இந்தப் பக்கம் வந்தார், புயல் முனை என்ற பெயர் அந்தப் பயணத்தில் பிறந்தது. 1497இல் வாஸ்கோடகாமா இதைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த ஆண்டு கோழிக்கோட்டில் இறங்கினார். நம் கரைகளின் தலைவிதி மாறியது அங்கிருந்துதான். பூங்காவுக்குள் இருவர் பெயரிலும் வெள்ளைச் சிலுவைகள் நிற்கும். அவை வெறும் நினைவுச் சின்னங்கள் இல்லை. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால், ஃபால்ஸ் பேயில் நீருக்கடியில் இருக்கும் விட்டில் பாறையின் திசையை மாலுமிக்குக் காட்டும்.

லைட்ஹவுஸ் இரண்டு ஏன் என்றும் கேளுங்கள். பழையது 1850களின் இறுதியில் மலை உச்சியில் கட்டியது. உயரம் அதிகமானதே வினையாயிற்று, மேகமும் மூடுபனியும் விளக்கை மறைத்துவிடும். 1911 ஏப்ரலில் லுசிட்டானியா என்ற போர்த்துகீசியப் பயணிகள் கப்பல் பெல்லோஸ் பாறையில் மோதிய பிறகு, முனையின் கீழே 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கு கட்டினார்கள்.

#15 திருச்சி வாசுகி

போய்விட்டு வந்துவிட்டோம்! சொன்னபடி எழுதுகிறேன்.

வழிகாட்டி கேப் ஃபிளாட்ஸ் பகுதியைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். தலைகீழாகப் போகலாமா என்று கேட்டதும் அவருக்கே சந்தோஷம். திறந்ததும் பென்குயின் கடற்கரையில் நுழைந்தோம். நடைபாதையில் எங்களைத் தவிர ஓரிருவர்தான். மகள் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நேர் எதிரே, பாறை இடுக்கில், இறகு உதிர்க்கும் பென்குயின் ஒன்று. முதுகில் பழுப்பு இறகு கொத்துக் கொத்தாக நிற்க, வயிற்றுப் பக்கம் மட்டும் புதிய வெள்ளை பளபளத்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் ஒரு கொத்து பிய்ந்து பறக்கும். அது கண்ணை மூடித் திறக்கும், வேறு அசைவே இல்லை. பக்கத்தில் வந்த ஒரு குடும்பத்தின் பையன் கைதட்டிக் கூப்பிட்டபோது, என் மகள் உதட்டில் விரல் வைத்து, தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று வாரப் பட்டினிக் கதையைச் சொன்னாள். பறவைப்பித்து அண்ணா, அது உங்கள் கணக்கு.

மணி பார்த்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. வழிகாட்டி ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. பூங்காவுக்குப் போகும் வழியில் பபூன் கூட்டம் சாலையைக் கடந்தது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி ஒரு தாய், பின்னால் இரண்டு குறும்புக் குட்டிகள். முன்னால் நின்ற காரில் யாரோ கண்ணாடியை இறக்கியிருந்தார்கள். பெரிய ஆண் குரங்கு ஒன்று கையை விட்டு ரொட்டிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. காரில் இருந்தவர்கள் அலறியது எங்களுக்குக் கேட்டது. வழிகாட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "அவர்களுக்கு ஒரு ரொட்டி போயிற்று, இவனுக்கு என்ன போகுமோ" என்றார்.

அப்புறம் ஃபின்போஸ் நடுவே ஈலாண்ட் மான்கள், முனைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு ஜோடி தீக்கோழி. காற்று நீங்கள் சொன்னதைவிட மோசம். மாமியார் மலை ரயிலில் மேலே வந்தார், அங்கிருந்து நகர மறுத்துவிட்டார். சிறு வயதில் கன்னியாகுமரியில் பார்த்த கடல் வேறு, இந்தக் கடல் வேறு என்றார். கீழே பாறையில் நீர்க்காகங்கள் வரிசையாகச் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்ததை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான்.

திமிங்கிலம் இல்லை. சாப்மன்ஸ் பீக் திறந்திருந்தது. கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார், தான் ஓட்டவில்லை என்ற வருத்தம் அங்கேயே போய்விட்டது. நகரத்துக்குத் திரும்பும்போது ஆறரை ஆகிவிட்டது. பட்டியலில் பாதி இடம்தான் பார்த்தோம், யாருக்கும் குறையில்லை.

#16 நெல்லை மாறன்

படிக்கவே மகிழ்ச்சி வாசுகி. பெரியவரோடு போகிறவர்களுக்கு இதுதான் வழி என்று ஒப்புக்கொள்கிறேன். இளைஞர்கள் நான்கு பேர் என்றால் இப்போதும் கார்தான் சொல்வேன். ஆனால் அவர்களும் பூங்காவுக்குள் மட்டுமாவது ஒரு வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

#17 லண்டன் மீரா

நல்ல இழை, முழுக்க வாசித்தேன். நாங்கள் லண்டனில் இருந்து ஜூன் கடைசியில் போகிறோம், இரண்டு பெடியன்களோடு. அப்போது அங்கே குளிர்காலம் என்கிறார்கள். இதில் எதை மாற்ற வேண்டும்?

#18 மேசைமலை அடிவாரம்

மீரா, ஜூனில் தென்கிழக்குக் காற்று இராது, வடமேற்கிலிருந்து மழை வரும். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் கொட்டும், பிறகு கண்ணாடி மாதிரி தெளிவான நாள் கிடைக்கும். அதனால் டூரை முதல் நாளே பதிவு செய்யாமல், தேதி மாற்றிக்கொள்ள விடும் ஆளாகப் பாருங்கள். மழைக்குப் பிறகு சாப்மன்ஸ் பீக் மூடியிருக்க வாய்ப்பு அதிகம், மூடினால் ஓ காப்ஸே வெக் சாலை வழியாகத் திரும்ப வேண்டியிருக்கும். பொழுது சீக்கிரம் சாயும், பூங்கா வாசலும் கோடையைவிட முன்னதாக மூடும். நேரத்தைத் தேசியப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

லாபமும் உண்டு. அது பென்குயின் குஞ்சு பொரிக்கும் காலம். சாம்பல் நிறப் பஞ்சுக் குஞ்சுகளைக் கூட்டு வாசலிலேயே பார்க்கலாம். ஃபால்ஸ் பேயில் திமிங்கிலங்களும் வரத் தொடங்கியிருக்கும். முய்சன்பெர்க் தாண்டி கரையோரச் சாலையில் மெதுவாகப் போகச் சொல்லி, பையன்களைக் கடல் பக்கம் உட்கார வையுங்கள். தண்ணீருக்கு மேல் ஆங்கில வி எழுத்து போல மூச்சு பீறிட்டால் அது ரைட் திமிங்கிலம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள்.